காவலர் ஏவலரோ?

தறியோட்டுநன் தொழிலாளி, பேருந்து ஓட்டுநன் தொழிலாளி, இரவும் பகலும் தெருமுனையில் கால்கடுக்க நிற்கும் காவலன் மட்டும் தொழிலாளி அல்லன்! இது பேச்சுக்குச் சொல்வதன்று, சட்டமே சொல்வது. 1947-ஆம் ஆண்டின் தொழிற்பூசல் சட்டம், தொழிலாளி யாவன் என வரையறுத்தவிடத்தே காவற்பணியினரையும் சிறைப்பணியினரையும் விலக்கி நிறுத்தியது. 2020-இல் இயற்றப்பெற்ற தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் அவ்விலக்கை அப்படியே ஏற்றுக்கொண்டது.

இவ்விலக்குத் தனித்து நிற்பதன்று. படையினர்க்கும் பொது அமைதி காப்பார்க்கும் உள்ள அடிப்படை உரிமைகளைக் குறுக்கும் ஆற்றலை அரசியலமைப்பின் 33-ஆம் உறுப்பு நாடாளுமன்றத்திற்கு அளித்துள்ளது. அவ்வழிப் பிறந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம், இசைவின்றித் தொழிற்சங்கத்திற் சேரும் காவலர்க்கு ஈராண்டு வரை சிறை என்றது. தில்லிக் காவலர் சங்கத்தார் தொடுத்த வழக்கில் அச்சட்டம் செல்லும் என்றே 1986-இல் உச்ச வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. அனைத்துலகத் தொழிலமைப்பின் 1948-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், காவலர்க்குச் சங்க உரிமை எவ்வளவு என்பதை அவ்வந் நாட்டுச் சட்டத்திற்கே விட்டுவிட்டது.

படைக்கலம் ஏந்தியவன் வேலைநிறுத்தம் செய்யின் நாடு என்னாகும் என்று வினவுவார் உளர். அவ்வினாவிற் பொருளுண்டு. ஆயின் வேலையை நிறுத்தும் உரிமை வேறு. குறையை எடுத்துரைக்கும் உரிமை வேறு. முன்னதை மறுத்தற்குச் சொல்லும் கரணியம் பின்னதை மறுத்தற்கு எங்ஙனம் பொருந்தும்?

நம்மை ஆண்ட ஆங்கிலேயர் தம் நாட்டிற் செய்தது யாது? 1918-இலும் 1919-இலும் அங்குக் காவலர் வேலைநிறுத்தம் மூண்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவலர் தொழிற்சங்கத்தைத் தடுத்தனர். அச்சட்டத்தாலேயே, ஊதியமும் நலனும் பற்றிக் காவலர் பேசுதற்குக் கூட்டமைப்பு ஒன்றனையும் நிறுவினர். அண்டையிலுள்ள கேரளத்திலும் காவலர் சங்கம் அரசின் இசைவோடு இயங்குகின்றது. அதனால் அங்குக் காவல் குலைந்துவிடவில்லை.

வாயற்றவன் நிலை யாதாகும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. மேலலுவலர் வீட்டில் காய்கறி வாங்கவும் துணி துவைக்கவும் நாயை நீராட்டவும் காவலரை ஏவும் ‘ஆர்டர்லி’ முறையை 1979-இலேயே தமிழக அரசு ஒழித்து ஆணையிட்டது. ஆணை தாளில் இருந்தது. காவலரோ அடுக்களையில் இருந்தனர்! 2022-இல் சென்னை உயர் வழக்குமன்றம் கடிந்துரைத்தபோதும் அவ்விழிவு தீர்ந்தபாடில்லை. இடையே கழிந்தவை 43 ஆண்டுகள். ஆணையை மீறியவர் மேலோர். மீறலைச் சுட்ட வேண்டியவர் கீழோர். சுட்டினால் வேலைக்கே உலை. சட்டம் ஏற்ற அமைப்பொன்று இருந்திருப்பின், இத்துணைக் காலம் அது நீடித்திருக்குமா?

தடியடி பட்டவர், இவர்க்கோ இரங்குவது எனச் சினக்கலாம். சினம் இயல்பே. ஆயினும் தன் முறையீட்டைக் கேட்பாரின்றி வாழ்பவன், பிறர் முறையீட்டைச் செவிமடுக்க எங்ஙனம் கற்பான்? வீட்டிலே ஏவலனாக இழிக்கப்பட்டவன், தெருவிலே எளியவனிடம் அவ்விழிவைத் தீர்த்துக்கொள்கிறான். ஆகலின் இது காவலர் சிக்கல் மட்டுமன்று, மக்கள் சிக்கலுமாம்.

வேலைநிறுத்தம் விலக்கப்பட்டதாகவே இருக்கட்டும். அதற்கு ஈடாக, வரையறுத்த பணிநேரமும் வார ஓய்வும் அச்சமின்றிக் குறைசொல்லும் அமைப்பும் வெற்றாணையால் அன்று, சட்டத்தால் உறுதி செய்யப்படல் வேண்டும். பண்டைத் தமிழ் மன்னனையே காவலன் என்றது. அப்பெயரைச் சீருடையாளர்க்குச் சூட்டிய தமிழகம், அவரை ஏவலராக வைத்திருப்பது அப்பெயர்க்கே இழுக்கு!