கோடு கீறியவன் யார்?

கணினி விளையாட்டு என்றதும் முகஞ்சுளிப்பது நம் கற்றோரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. காலத்தைக் கொல்லும் கருவி, கண்ணைக் கெடுக்கும் பொறி, மாணவனைப் பரீட்சையிலிருந்து பிரிக்கும் பகை என அதன்மேற் சாட்டப்படும் குற்றங்கள் பல. இவற்றில் உண்மையே இல்லையென்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் குற்றஞ்சாட்டுவோர் கேட்கத் தவறிய வினா ஒன்றுண்டு. விளையாடுபவன் யார் என்று ஓயாது கேட்கும் நாம், விளையாட்டை ஆக்கியவன் யார் என்று ஒருபோதும் கேட்பதில்லை. நமது கல்விச் சிந்தனையின் வறுமை இந்த மௌனத்திலேதான் வெளிப்படுகின்றது என்பேன்.

வற்றாப்பளையின் மணற்றரையிலே கிளித்தட்டு ஆடியோர் ஓர் உண்மையை அறிவர். அங்கே கோடு கீறுபவரும் ஆடுபவரும் ஒருவரே. எத்தனை தட்டு, கிளி எக்கோட்டில் ஓடலாம், எது பிழையாட்டம் என்பவற்றை ஆடுவோரே கூடிப்பேசித் தீர்மானித்தனர். சச்சரவு மூண்டால் விதியையே மாற்றினர். இன்று அதே மணலிற் குந்தியிருக்கும் சிறுவனது கைத்தொலைபேசியில் வேறெவரோ, வேறெந்த நாட்டிலோ, தமது இலாபக் கணக்கிற்கேற்பக் கோடுகளைக் கீறிவிட்டனர். அவன் அவற்றுள்ளே ஓடுகின்றான், அவ்வளவே. ஆட்டம் வந்ததனால் நேர்ந்த கேடன்று இது. கோடு கீறும் உரிமை பறிபோனதனால் நேர்ந்த கேடு.

இக்கேடு கணினியுடன் கூடப்பிறந்தது எனச் சிலர் நினைக்கக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. திரையில் மேலும் கீழுமாகச் சில தட்டுகள் அமைய, ஒரு சிற்றுருவம் இடர்களைத் தவிர்த்துத் தட்டுக்குத் தட்டு தாவிச் செல்லும் விளையாட்டு வகையொன்று 1980ஆம் ஆண்டையொட்டித் தோன்றியது. இதனைத் தட்டுத்தாவல் விளையாட்டு எனலாம். 1981இல் நின்டெண்டோ நிறுவனத்துக்காக சிகெரு மியாமொட்டோ உருவாக்கிய டொங்கி கொங் இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது. அது காசு போட்டு ஆடும் பெரும் பெட்டிக்கென ஆக்கப்பட்டது. அதன் பின்னர் வீட்டுக் கணினியில் நிகழ்ந்ததே நமக்குப் பாடம்.

1982 ஏப்ரிலில் பிரித்தானியாவில் சின்கிளேர் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினியை விற்பனைக்கு விட்டது. 48 கிலோபைற்று நினைவகங்கொண்ட பொறியின் விலை 175 பவுண். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அந்நினைவகத்தைப் போற் பன்மடங்கு இடத்தைப் பிடிக்கும். வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரை. சாதாரண ஒலிநாடாவே அதன் களஞ்சியம். எனினும் அப்பொறிக்கு ஒரு பெருங்குணம் இருந்தது. மின்னிணைப்புக் கொடுத்ததும் அது பேசிக் என்னும் நிரல்மொழியிலே கட்டளைக்குக் காத்துநின்றது. அதன் விசைகளின்மீதே அம்மொழியின் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. வாங்கியவனை அது நுகர்வோனாக அன்றி எழுதுவோனாகவே வரவேற்றது.

அதன் விளைவு யாது? 1983இல் மத்தியூ சிமித் என்னும் பதினேழு வயது இளைஞன் ஏறக்குறைய எட்டு வாரங்களில் மனிக் மைனர் என்னும் தட்டுத்தாவல் விளையாட்டை எழுதி முடித்தான். இருபது குகைகள், குறைந்துகொண்டே போகும் காற்று, ஆட்டத்தினூடே இடையறாது ஒலிக்கும் இசை. இவையனைத்தும் அந்த 48 கிலோபைற்றுக்குள் அடங்கின. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவனாயிருந்த டக்ளஸ் சிமித்தின் லோட் ரன்னர் வெளிவந்தது. அதில் 150 கட்டங்கள் இருந்தன. அவற்றினும் முக்கியமாக, ஆடுபவனே புதிய கட்டங்களை அமைப்பதற்கான கருவியும் உள்ளே வைக்கப்பட்டிருந்தது. கோலை ஆடுபவன் கையிற் கொடுத்து, இனி நீ கோடு கீறு என்பது போன்றதே இது.

1984இல் வெளிவந்த ஜெட் செட் வில்லி இன்னும் தெளிவான சான்று. மனிக் மைனரின் தொடர்ச்சியான அவ்விளையாட்டிற் கடும் பிழையொன்று இருந்தது. பரண் என்னும் அறைக்குட் புகுந்தால் வேறு சில அறைகள் சிதைவுற்று, ஆட்டத்தை முடிக்கவே இயலாது போகும். அது வேண்டுமென்றே வைத்த இடர் என வெளியீட்டாளர் முதலிற் சமாளித்தனர். ஆட்டக்காரரோ நிரலுக்குட் புகுந்து, நினைவகத்தின் எண்களை மாற்றிப் பிழையைத் திருத்தினர். ஆசிரியனின் தவற்றை வாசகன் திருத்திய நிகழ்ச்சி இது. இத்தகைய வாசகரை உருவாக்குவதினும் உயர்ந்த நோக்கம் கல்விக்கு உண்டோ?

இவையெல்லாம் முதலாளித்துவத் தொழிற்றுறையின் பொம்மைகள்; இவற்றில் நமக்கென்ன என்று முற்போக்கு நண்பர்கள் வினவலாம். அவர்கள் அத்தொழிற்றுறையின் உள்ளே நிகழ்ந்த போராட்டத்தை அறிதல் வேண்டும். அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுகளை ஆக்கியோரின் பெயர்களை மறைத்தது. அதனைப் பொறாத வாரன் ரொபினெட், 1980இல் வெளிவந்த அட்வெஞ்சர் விளையாட்டில் இரகசிய அறையொன்றை அமைத்துத் தம் பெயரை அதிற் பொறித்து வைத்தார். அதற்கு முன்னரே, 1979இல், அந்நிறுவனத்தின் நிரலாளர் நால்வர் வெளியேறி அக்டிவிசன் நிறுவனம் உருவாகக் காரணராயினர். அவர்களுள் ஒருவரான டேவிட் கிரேனின் பிற்போல் 1982இல் வெளிவந்தது. ஆக்கியோன் பெயரைப் போற்றுதல் அப்புதிய நிறுவனத்தின் கொள்கையாயிற்று. உழைப்பும் பெயரும் பிரிக்கப்படுவதை எதிர்த்த இக்குரல் நமக்கு அந்நியமானதா? ஊரெல்லாம் விடிய விடியப் பார்த்த கோவலன் கூத்தைப் பழக்கிய அண்ணாவிமாருள் எத்தனை பேரின் பெயர் ஏட்டில் ஏறிற்று?

சமூக யதார்த்தத்துக்கும் இவ்விளையாட்டுகள் புறம்பானவையல்ல. பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் 1984 மார்ச்சிலிருந்து ஓராண்டு நீடித்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, செபீல்ட் நகரின் கிரெம்லின் நிறுவனம் பீற்றர் ஹரப் எழுதிய வோன்டட்: மொன்டி மோல் என்னும் தட்டுத்தாவல் விளையாட்டை வெளியிட்டது. குளிர்காய நிலக்கரி திருடச் செல்லும் அகழெலியே அதன் நாயகன். தொழிற்சங்கத் தலைவர் ஆதர் ஸ்கார்கிலின் கேலியுருவும் அதில் இடம்பெற்றது. அதன் அரசியலை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் தன் காலத்தைப் பற்றிப் பேசும் ஒரு வடிவத்தைக் குழந்தைப் பொம்மையென ஒதுக்குதல் விமரிசனமாகாது.

இனி, நம்மவர் கூறும் வலுவான மறுப்புக்கு வருவோம். அவர்களுக்கு வாய்ப்பிருந்தது; நமக்கு இல்லை என்பதே அது. இதனை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. மனிக் மைனர் வெளிவந்த அதே 1983இன் ஆடி மாதத்தில் நம் இளைஞர் வீடுகள் எரியக் கண்டனர். 1990களில் வன்னிக்கு மின்கலங்கூட வரவிடாது தடை இருந்தது. 2009இல் நந்திக்கடலின் இருகரையும் கண்டவற்றை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பதினேழு வயதிலே ஒருவன் எட்டு வாரம் அமைதியாக அமர்ந்து எழுதுவதற்குக் கூரையும் மின்சாரமும் உயிரச்சமின்மையும் வேண்டும். அவை மறுக்கப்பட்ட தலைமுறையைக் குறைகூறுவது அறமன்று.

ஆயினும் அந்தத் தலைமுறைதான் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. பொறியைத் திறந்து, பிரித்து, வேறு பயனுக்கு மாற்றும் ஆற்றல் நம்மிடம் இருந்தமைக்கு வேறு சான்று வேண்டா. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் ஐதீகத்திலே, விளக்கெரிக்க எண்ணெய் இல்லையென்ற மாட்டிடைச் சிறுவர்களிடம் அம்மன் கடல்நீரை வார்க்கச் சொன்னதாகக் கூறுவர். இன்றும் வைகாசிப் பொங்கலையொட்டி உப்புநீரில் விளக்கேற்றப்படுகின்றது. நம்புவோர் அதில் அற்புதத்தைக் காண்பர். இல்லாமையைச் சாட்டாகக் கொள்ளாதே என்னும் கட்டளையையே நான் அதிற் காண்கிறேன்.

இன்று சாட்டுக்கும் இடமில்லை. ஸ்பெக்ட்ரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிய பொறி ஏழை வீட்டிலும் இருக்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற்பீடம் இருக்கின்றது. வவுனியாவிலே 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. பாடசாலையிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். அதில் நிரலாக்கமும் உண்டு. ஆனால் மாணவன் அதனைப் பரீட்சை வினாவுக்குரிய விடையாகவே சந்திக்கின்றான். தானே ஒன்றை ஆக்கும் வழியாகச் சந்திப்பதில்லை. நாம் கற்பிப்பது கணினியை அன்று, கணினிக்குக் கீழ்ப்படிதலை.

தமிழர் வாழ்வு இவ்வடிவத்துக்கு ஒவ்வாதென்போருக்கும் விடை கிடைத்துவிட்டது. கனடாவின் ரொரன்ரோ நகரிலே சிறு குழுவொன்று ஆக்கி 2023இல் வெளியிட்ட வெண்பா என்னும் விளையாட்டு, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதையை அடுக்களையினூடாகச் சொன்னது. பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் அறிமுகப் படைப்புக்கான விருதை அது 2024இல் வென்றது. இட்டலியும் புட்டும் ஆட்டப்பொருளாகுமாயின் நந்திக்கடலும் கூத்துக்களரியும் ஆகாவா?

எனவே விரிவுரையாளரிடம் ஒன்று கேட்பேன். இறுதியாண்டுச் செயற்றிட்டமாக விளையாட்டொன்றை ஆக்கிவரும் மாணவனை நகையாமல், கவிதைத் தொகுதியை மதிப்பிடுவது போல அதனையும் மதிப்பிடுங்கள். மாணவரிடமும் ஒன்று கேட்பேன். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் கவிதைக்கும் சிறுகதைக்கும் போட்டி வைப்பது போல, தமிழில் ஆக்கிய சிறு விளையாட்டுக்கும் ஒரு போட்டி வையுங்கள். 48 கிலோபைற்றுக்கு மேற்படலாகாது என்பதையே விதியாக்குங்கள். ஆக்கியோன் பெயரை முதற்றிரையிலே பொறியுங்கள்.

விளையாட்டைத் தடைசெய்யும் சமூகம் தன் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் அது அவர்களைப் பிறர் கீறிய கோட்டுக்குள்ளேயே விட்டுச்செல்கின்றது. கிளித்தட்டு ஆடிய மணல் இன்னும் அங்கேதான் இருக்கின்றது. கோலை எடுத்துக் கோடு கீறவேண்டியவர் நாமே.