டர்போ தானாகச் சாவதில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய டீசல் வேன், ஜீப் வைத்திருப்பவர்களாவது கடைசிவரை வாசியுங்கள். மற்றவர்கள் வாசித்தாலும் நட்டமில்லை, ஊரில் யாராவது ஒரு மச்சானிடமாவது அப்படி ஒரு வாகனம் இருக்கும்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள் ஒரே வேனில் பாடசாலைக்குப் போய் வருகிறோம் என்பது ஊரில் தெரியும். 1997ஆம் வருடத்து டவுன்ஏஸ் நோவா, 3சீ டர்போ எஞ்சின். புது வாகனம் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்ப விட்டார்கள். இடையில் ரூபாவின் பெறுமதியும் வரியும் எங்கே போய் நின்றன என்று ஆசிரியர் சம்பளம் எடுப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நோவாதான். இன்னும் பத்து வருடத்துக்கும் நோவாதான்.

அந்த வேனின் டர்போ சில மாதங்களில் இரண்டு முறை போனது. முதல் முறை கராஜில் மாற்றினோம். இரண்டாம் முறை எங்கள் வீட்டு முற்றத்தில் நாங்களே மாற்றினோம். எங்கள் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய டீசல் வாகனத்தின் டர்போவை வீட்டில் மாற்றலாம். ஆனால் கூலி மிச்சம் பிடிப்பதற்காக என்றால் வேண்டாம். வீட்டில் செய்வதன் இலாபம் நேரம். டர்போ ஏன் போனது என்று தேடிப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது. அதைத் தேடாமல் மாற்றினால் வீட்டில் மாற்றினாலும் கொழும்பில் மாற்றினாலும் ஒன்றுதான்.

முதல் முறை நடந்தது இப்படி. ஏற்றத்தில் இழுவை குறைந்தது, பின்னால் நீலப் புகை. கராஜுக்குக் கொண்டுபோனோம். "டர்போ போய்ட்டு சேர்" என்றார்கள். பின்னேரத்துக்குள் ஒரு ரீகண்டிஷன் டர்போ பூட்டி, ஒயிலும் மாற்றித் தந்தார்கள். கராஜின் பெயரை எழுத மாட்டோம், உட்பெட்டியில் கேட்டாலும் சொல்ல மாட்டோம். ஏனென்றால் பாதிக் குற்றம் எங்களுடையது. "நாளைக்குப் பாடசாலை இருக்கு, இன்றைக்கே வேணும்" என்று காலையிலிருந்து நான்கு பேரும் மாறி மாறி அழைப்பு எடுத்தது நாங்கள்தான். அவசரப்படுத்தினால் பாஸ் சாமானை மாற்றுவார், காரணத்தைத் தேட மாட்டார்.

ஏழு வாரம் ஓடியது. மாவனல்லையில் ஒரு வலீமா முடிந்து திரும்பும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் எஞ்சின் திடீரென்று தானாக உறும ஆரம்பித்தது. அக்சிலேட்டரில் கால் இல்லை. சாவியைத் திருப்பி எடுத்தும் எஞ்சின் நிற்கவில்லை. பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை, வந்த பஸ்காரருக்குப் பாதையே தெரியவில்லை. உள்ளே ஏழு பேர், அதில் இரண்டு சிறு பிள்ளைகள்.

இதைக் கட்டாயம் விளங்கிக் கொள்ளுங்கள். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரியக்கூடிய எது உள்ளே போனாலும் அழுத்தத்தின் சூட்டில் எரியும். டர்போவின் சீல் போனால் எஞ்சின் ஒயில் காற்றுப் பாதைக்குள் வழிகிறது, எஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன் சொந்த ஒயிலைக் குடித்து ஓடத் தொடங்குகிறது. சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். ஒயில் முடியும்வரை, அல்லது எஞ்சின் உடையும்வரை அது ஓடும்.

எங்களில் வேன் ஓட்டும் சேர் நிதானம் இழக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஓரத்தில் நிறுத்தி, கால் பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து, கியரை மேல் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டார். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மெனுவல் கியர் வாகனத்துக்கு இதுதான் வழி. ஓட்டோ கியரில் இப்படி நிறுத்த முடியாது. காற்று இழுக்கும் வாயைக் கனமான பலகைத் துண்டால் அடைத்தால் நிற்கும். கையால் மூடக் கூடாது, துணியாலும் கூடாது, இழுத்துக்கொள்ளும். அதுவும் கிட்டப் போக முடிந்தால்தான். முடியாவிட்டால் ஆட்களை இறக்கிக்கொண்டு தூரப் போய்விடுங்கள். எஞ்சின் போனால் போகட்டும்.

அன்று இரவு வேனை இழுத்து வந்து வீட்டில் போட்டோம். அடுத்த கிழமை தவணை விடுமுறை. எங்களிடம் படித்த பழைய மாணவன் ஒருவன், இப்போது மோட்டார் மெக்கானிக் பயிற்சியில் என்விகியூ நான்காம் மட்டம் முடித்தவன், "சேர், அவசரமில்லாட்டி நானே வந்து பாக்கிறேன். ஆனா நீங்களும் கையில கிரீஸ் பூசணும்" என்றான். முற்றத்தில் தார்ப்பாய் விரித்து மூன்று நாள் வேலை செய்தோம். கையில் மட்டுமல்ல, சாரத்திலும் பூசியது. வீட்டில் பேச்சு வாங்கியதைத் தனியாக எழுதத் தேவையில்லை.

டர்போ என்பது என்ன? எஞ்சினின் புகை வெளியேறும் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை. நுவரெலியா போல 1,800 மீற்றருக்கு மேல் ஏறினால் காற்று ஐந்தில் ஒரு பங்கு அளவு மெலிந்து போகிறது. டர்போ இல்லாத பழைய வேன்கள் றம்பொடையில் மூச்சு வாங்குவது அதனால்தான். அந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது பெரிய பெயரிங் ஒன்றுமில்லை, மெல்லிய ஒயில் படலம். ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான பாகை சூடு, நடுவில் ஒயில் படலம், அவ்வளவுதான். அந்த ஒயில் வருவது சில மில்லிமீற்றர் துவாரமுள்ள ஒரு சிறு குழாயில்.

அந்தக் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே கரி. கம்பி விட்டுப் பார்த்தபோது தையல் ஊசி போகும் அளவுக்குத்தான் வழி இருந்தது. எஞ்சினின் உள்வாயு வெளியேறும் ஹோஸிலும் கறுப்புக் களி. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், டர்போவிலிருந்து கீழே வடிய வேண்டிய ஒயில் வடியாது, வேறு வழியில்லாமல் சீலைத் தாண்டிப் போகும். ஏழு வாரத்துக்கு முன் பூட்டிய டர்போவில் குற்றமே இல்லாமல் இருந்திருக்கலாம். தண்ணீர் கொடுக்காமல் செடியைக் குறை சொன்ன கதைதான் எங்களுடையது.

அந்தக் கரி எங்கிருந்து வந்தது? அதுவும் எங்களிடமிருந்துதான். 2022ஐ நினைத்துப் பாருங்கள். டீசல் வரிசை, கியூஆர், பாடசாலை மூடல். அந்த வருடம் 5,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய ஒயிலை நாங்கள் 12,000 வரை இழுத்தோம். பிறகு மாற்றியபோதும் லேபல் நல்லதா என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்த்தோம். அன்று மிச்சம் பிடித்த சில ஆயிரங்களுக்கு இரண்டு டர்போ கொடுத்தோம். எங்களைப் போல அன்று இழுத்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வாகனம் இன்னும் ஒழுங்காக ஓடுகிறது என்றால், டர்போ போகும்வரை காத்திருக்காமல் அந்தச் சிறு குழாயை மட்டுமாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கெட்ட பழக்கம். எங்கள் ஊர்களில் வீடும் பள்ளிவாசலும் பெரும்பாலும் மேட்டில். கடைசி ஏற்றத்தை முதலாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறி வருகிறோம், இகாமத் சொல்வது கேட்டதும் சாவியைத் திருப்பிப் பாய்ந்து இறங்குகிறோம். டர்போ அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒயில் வருவது நின்றுவிட்டது, மிஞ்சிய ஒயில் அந்தச் சூட்டில் கரியாகிறது. ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துங்கள். அதற்கு ஒரு நிமிடம் முந்தி வீட்டிலிருந்து புறப்பட வேண்டும், அதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

வீட்டில் செய்யப் போகிறவர்களுக்கு, நாங்கள் அனுபவத்தில் கண்டவை. முதலில், போனது டர்போதானா என்று பாருங்கள். கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் மட்டும் என்றால் பல வேளை கிழிந்த ஒரு ஹோஸ்தான், கிளிப் தளர்ந்திருக்கும். அச்சைக் கையால் அசைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் சிறிது ஆடும், அது இயல்பு, அதைக் காட்டி "போய்ட்டு" என்பவர்களை நம்பாதீர்கள். முன்னும் பின்னும் நகர்வது கையில் உணரும்படி இருந்தால், அல்லது சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய அடையாளம் இருந்தால், அப்போது போய்விட்டது.

நோவாவில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே. சீட்டைத் தூக்கினால் கொஞ்சம் எட்டும், மிச்சத்துக்குக் கீழே படுக்க வேண்டும். ஜெக்கை மட்டும் நம்பி, அல்லது புளொக்கல் அடுக்கி, வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள். இரும்பு ஸ்டேண்ட் இரண்டு இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடாதீர்கள். எங்கள் முற்றங்கள் சரிவு வேறு, சில்லுக்குக் கட்டை கொடுங்கள்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் ஒயில் அடித்து வையுங்கள். நாங்கள் அவசரப்பட்டு ஒரு ஸ்டட்டை உடைத்தோம், அதை எடுக்க அரை நாள். கேஸ்கட், செப்பு வொஷர் எல்லாம் புதிது போடுங்கள். ஒயில் குழாயின் வாயில் சிலிக்கன் பசை பூசவே வேண்டாம், பிதுங்கும் துண்டு ஒன்று போதும் அந்தச் சிறு துவாரத்தை அடைக்க. காற்றுக் குழாய்களில் பழைய ஒயில் தேங்கியிருந்தால் முழுதாகக் கழுவி எடுங்கள். இல்லாவிட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே எங்கள் கடுகண்ணாவக் கதை உங்கள் முற்றத்தில் நடக்கும். உடைந்த சக்கரத்தின் துண்டு உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிய டர்போவைப் பூட்டியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். எங்கள் மாணவன் இதில் மட்டும் எங்களை அதட்டினான். ஒயில் வரும் துவாரத்தில் சுத்தமான ஒயில் ஊற்றிக் கையால் சுற்றினான். பிறகு பம்பில் டீசலை நிறுத்தும் சொலினோய்டின் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றினான். அதன் பிறகே ஸ்டார்ட். சில நிமிடம் வெறுமனே ஓடியது, உறுமவில்லை.

டர்போ எங்கே வாங்குவது என்று பலர் கேட்கிறீர்கள். நாங்கள் பஞ்சிகாவத்தைக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கினோம். பெட்டியில் உள்ள பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழைய டர்போவின் தகட்டில் உள்ள இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நடுப்பகுதியை மட்டும் மாற்றுவது மலிவு, ஆனால் அதை பெலன்ஸ் பார்த்துத் தந்தால்தான் பிரயோசனம். பெலன்ஸ் பார்த்தீர்களா என்று கேட்டபோது சிரித்த கடையில் நாங்கள் வாங்கவில்லை.

வெகன் ஆர் ஸ்டிங்ரே போன்ற புதிய சிறு பெற்றோல் டர்போக்களை வீட்டில் கழற்றச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. அவற்றின் சென்சர் விடயங்கள் எங்களுக்கு எட்டாதவை, தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் ஒயிலும் அந்த ஒரு நிமிடமும் அவற்றுக்கும் பொருந்தும்.

கழற்றிய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். அக்குறணைக் கான்களில் ஊற்றியது பிங்கா ஓயாவுக்குப் போகிறது, அது கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் விழுகிறது. அந்த மகாவலியைத்தான் சுத்திகரித்துக் குழாயில் குடிக்கிறோம். கேனில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

ஒரு விடயம் மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்த மாணவன் சாதாரண தரம் எழுதிவிட்டு மெக்கானிக் படிக்கப் போகிறேன் என்றபோது, "கராஜுக்கா போகப் போறாய், கடையில நில்லேன்" என்று அவனுக்குப் புத்தி சொன்னவர்களில் எங்களில் இருவரும் இருந்தோம். உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இலிருந்து இருக்கிறது. அதில் பிள்ளையைச் சேர்க்க வாருங்கள் என்றால் இன்றும் பெற்றோர் முகம் சுழிக்கிறார்கள். நாங்கள் அவர்களைக் குறை சொல்லும் நிலையில் இல்லை. மூன்று நாளும் அவன் எங்களுக்குப் படிப்பித்தான், நாங்கள் டோர்ச் பிடித்தோம். கூலி வாங்க மறுத்தவனுக்குப் பலவந்தமாகக் கொடுத்தோம். "பழைய மாணவன் தானே" என்று சும்மா வேலை வாங்குவதும் இந்த ஊரில் ஒரு நோய்.

வேன் இப்போது ஓடுகிறது. புகைப் பரிசோதனையும் முதல் தடவையிலேயே பாஸ்.

ஸ்டேண்ட் இரண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. தேவைப்படுபவர்கள் எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாளில் திருப்பித் தாருங்கள். போன மாதம் 12ஆம் இலக்க ரிங் ஸ்பானரை எடுத்துப் போன நானா, பெயரை எழுதவில்லை, இன்று இஷாவுக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.