மக்ரோவும் மறைந்தவர்களின் நூல்களும்

மறைந்த எழுத்தாளர்களைப் பற்றிய எனது அஞ்சலிக் கட்டுரைகளை நூலாக்கும் வேலையில் கடந்த ஆண்டு இறங்கினேன். கோப்பு எக்ஸ்.எம்.எல். வடிவில், டொக்புக் என்ற ஒழுங்கில் அமைந்தது. ஆளுக்கொரு பிரிவு, அதனுள் 'வாழ்க்கை', 'நூல்கள்' என இரு உட்பிரிவுகள். நூல்களை முன்னே கொண்டுவர விரும்பினேன்.

கையில் இருந்தது இமாக்ஸ். 1976இல் ரெக்கோ என்ற பழைய தொகுப்பிக்கு எழுதப்பட்ட மக்ரோக்களின் திரட்டாகப் பிறந்ததே அது. நாம் அழுத்தும் விசைகளைப் பதிந்துவைத்து, வேண்டிய தடவை தானே அழுத்தும். நான் பதிந்தது இதுதான்: அடுத்தவரின் பிரிவுக்குப் போய் அடையாளம் வை, அதன்பின் முதலில் வரும் 'நூல்கள்' உட்பிரிவை வெட்டு, திரும்பிவந்து ஒட்டு. தேடுவது அகப்படாதபோது மக்ரோ நின்றுவிடும். நின்றது. கோப்பைச் சரிபார்த்தேன்; விதிப்படி ஒரு குறையும் இல்லை.

முன்பிரதியை வாசித்த ஒரு மகள்தான் தொலைபேசியில் கேட்டார்: "ஐயா, அப்பா புத்தகம் ஒண்டும் போடேல்லையே?"

உண்மை. அவர் பிரிவில் 'நூல்கள்' இருக்கவில்லை. மக்ரோ அடுத்தவரின் பட்டியலை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டது. பறிகொடுத்தவருக்கு அவருக்கும் அடுத்தவருடையது. இப்படியே இறுதிவரை. கடைசி மனிதர் வெறுங்கையோடு நின்றார். பிளேட்டால் வெட்டிப் பக்கம் ஒட்டிய காலத்திலும் துண்டுகள் இடம் மாறியதுண்டு. ஆனால் ஒன்று மாறினால் ஒன்றுதான் மாறும்.

மக்ரோவை நான் குறைகூறவில்லை. அதற்குத் தெரிந்தது விசைகள் மட்டுமே. ஒரு பிரிவு எங்கே முடிகிறதென்பது தெரியாது. 1999இல் வந்த எக்ஸ்.எஸ்.எல்.ரி. 'இந்தப் பிரிவின் உள்ளே இருப்பது' என்று கேட்கும். இல்லையெனில் பேசாமல் அப்பால் போகும். நூற்றுக்கணக்கான பிரிவுகள் உள்ளவர்கள் அதைக் கற்பதே நல்லது. பத்துப் பதினைந்துக்கு மக்ரோ போதும். ஆனால் தேடுமுன் பார்வையை அந்தப் பிரிவுக்குள் ஒடுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் நின்று கேட்கும்படி பதியவும் இமாக்ஸில் வழியுண்டு. அவசரத்தில் நான் இரண்டையும் செய்யவில்லை.

இன்னொரு பொறி: 'செக்ட்1', 'செக்ட்2' என எண்ணிட்ட பிரிவுகளை ஒரு படி கீழிறக்கும்போது ஆழத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஒன்றை இரண்டாக்கி, பின்னர் இரண்டை மூன்றாக்கினால் எல்லாமே மூன்றாகிவிடும்.

பழைய பிரதியை எடுத்து மீண்டும் தொடங்கினேன். அந்த மகளின் தந்தைக்கும் இப்போது 'நூல்கள்' என்றொரு உட்பிரிவு உண்டு. அதில் ஒரே வரி: நூலெதுவும் வெளிவரவில்லை.