அண்ணன் தங்கை சேர்ந்து ஆடினால் தப்பா?

போன வாரம் என் மகன் பழைய ஒலிம்பிக்ஸ் ஆட்டம் ஒன்றைப் போனில் காட்டினான். ஐஸ் மேல் சறுக்கிக்கொண்டே ஆடும் நடனம். ஆடியவர்கள் அமெரிக்காவின் மாயா ஷிபுடானி, அலெக்ஸ் ஷிபுடானி. "ஜோடிப் பொருத்தம் நல்லாருக்கே" என்றார் என் மாமியார். "பாட்டி, அவங்க அண்ணன் தங்கச்சி" என்றான். அவ்வளவுதான்! "கையைப் பிடிச்சு, இடுப்பைப் பிடிச்சு ஆடறது அண்ணன் தங்கச்சியா? கலிகாலம்" என்று எழுந்து போய்விட்டார். பொய் சொல்வானேன், எனக்குமே முதலில் கூச்சமாகத்தான் இருந்தது.

அப்புறம் மகளைப் படித்துச் சொல்லச் சொன்னேன். என் மாமியார் மட்டுமல்ல, அந்த விளையாட்டை ரசிக்கிறவர்களிலும் பலர், ஐஸ் நடனம் என்றால் காதல் பாவம் வேண்டும், உடன்பிறந்தவர்களுக்கு அது சரிப்படாது என்று சொல்கிறார்களாம்.

ஏன், ஆணும் பெண்ணும் சேர்ந்தால் காதலைத் தவிர வேறு கதையே கிடையாதா? பிரான்சுக்காக ஆடிய இசபெல் டுஷேனே, பால் டுஷேனே என்ற தங்கையும் அண்ணனும் 1990-ல், லத்தீன் அமெரிக்காவில் ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களைப் பற்றி ஆடினார்கள். உலகப் போட்டியில் வெள்ளி கிடைத்தது. 1991-ல் உலக சாம்பியன். 1992 ஒலிம்பிக்ஸில் வெள்ளி.

மாயா 9 வயசில் அண்ணனோடு ஆட ஆரம்பித்தவள். அவனுக்கு மூன்று வயசு கூட. பயிற்சிக்காகக் குடும்பமே கொலராடோவுக்கும் பிறகு மிச்சிகனுக்கும் குடிபெயர்ந்தது. 2011-ல் பெரியவர்கள் பிரிவில் நுழைந்த முதல் வருஷமே உலகப் போட்டியில் வெண்கலம். அதோடு சரி, 2014 ஒலிம்பிக்ஸில் ஒன்பதாம் இடம். உலகப் போட்டியில் அடுத்த பதக்கத்துக்கு 2016 வரை காத்திருந்தார்கள். 2018-ல் தென்கொரியாவில் நடந்த ஒலிம்பிக்ஸில் இரண்டு வெண்கலம். அத்தனை வருஷமும் ஆள் மாறவில்லை, அதே அண்ணன், அதே தங்கை.

2019-ல் மாயாவுக்குச் சிறுநீரகத்தில் கட்டி, ஆபரேஷன். அப்படியும் 2025 மே மாதம், மறுபடி போட்டிக்கு வருகிறோம் என்று இருவரும் சேர்ந்தே அறிவித்தார்கள்.

இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு உறுத்தியது வேறு. என் மகள் பெரியவளானதும், "இனிமே அண்ணனோட சரிசமமா உட்கார்ந்து கேரம் ஆடாதே" என்று என் மாமியார் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டு போர்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். அன்று அவள் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. என்ன தப்பு செய்தாள் என்று அதை நிறுத்தினோம் சகோதரிகளே?

ஞாயிற்றுக்கிழமை போர்டை இறக்கித் துடைத்து வைத்தேன். மாமியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான், "அந்தப் பொண்ணுக்கு இப்ப உடம்பு தேவலையாமா?" என்று கேட்டார்.

— ஒரு வாசகி, திருச்சி