உதகைத் தோட்டமும் வெள்ளிமலை நிலமும்

உதகமண்டலத்து அரசினர் தாவரவியல் தோட்டத்தைக் கண்டு திரும்பும் வெள்ளிமலைக் குடியானவர் சிலர், அதன் செழிப்பில் மயங்கி, குளிர்நாட்டுக் கன்றுகளை விலைகொடுத்து வாங்கி வருவதுண்டு. இது சிறிதும் தகாத செலவாகும். உதகை 7,000 அடிக்கு மேற்பட்டது. அங்கே உறைபனி விழும். கல்வராயன் மலையோ பெரும்பாலும் 2,000 முதல் 4,000 அடிக்குள் அடங்குவது. ஆப்பிள் முதலிய மரங்கள் நன்கு காய்ப்பதற்கு நீடித்த குளிர் வேண்டும். அக்குளிர் இங்கில்லை, ஆதலால் பணமும் பருவமும் வீணாகும்.

அத்தோட்டத்தில் கற்கத்தக்கது வேறு. 1848-ம் ஆண்டில் மக்கைவர் என்னும் தோட்டக்கலை நிபுணர் அப்பணியை ஏற்றபோது, அந்நிலம் மேலே காடும் கீழே சதுப்புமாக இருந்தது. நீரை வடித்து, சரிவைப் படிப்படியாகத் திருத்திய பின்னரே அது தோட்டமாயிற்று. 1860-க்குப் பின் அவரே கொயினா மருந்து தரும் சின்கோனா மரத்தைப் பயிரிட்டபோது, ஓரினம் தொட்டபெட்டாவிலும், மற்றோரினம் அதனினும் தாழ்ந்த நடுவட்டத்திலும் செழித்தன. நீலகிரிக்குள்ளேயே உயரத்துக்கேற்ப இனம் மாறுமாயின், வெள்ளிமலைக்கு வேறு நியாயம் உண்டோ?

ஆகவே, அங்கே செல்வோர் கன்றுகளை விடுத்து, வடிகாலையும் சரிவைத் திருத்திய முறையையும் கவனித்து வருவாராக. புதுமரம் வேண்டுவோர் நாலைந்து கன்றுகளை மட்டும் நட்டு, அவை காய்ப்பதைக் கண்ட பின்னரே விரிவாக்குதல் நலம். அதுவரை சாமையும் புளியும் விளையும் நிலத்தை அழிக்கலாகாது. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது பேருபகாரமாகும்.