பந்தலும் பள்ளிவாசலும்

வண்ணாரப்பேட்டைப் பெண்களைப் பற்றி இப்போது யாரும் பேசக் காணோம். 2020 பிப்ரவரி 14-ந் தேதி இரவு, பழைய வண்ணாரப்பேட்டை லாலாகுண்டாவில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸார் தடிகொண்டு கலைக்கப் பார்த்தார்கள். கூட்டம் கலையவில்லை. அதன்பின் அந்தத் தெரு பெண்களுடையதாயிற்று. கிழவிகளும், கைக்குழந்தைக்காரிகளும், கல்லூரிப் பெண்களும் பகலென்றும் இரவென்றும் பாராமல் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஒரு நிக்காஹ்கூட அந்தப் பந்தலிலேயே நடந்தது. மார்ச் மாதத்தில் கொரோனா வந்துதான் அவர்களை எழுப்பியது.

அப்போது அவர்களைப் புகழாத மேடை உண்டா? தாய்மார்கள் என்றார்கள், வீராங்கனைகள் என்றார்கள். சரி. பந்தலைப் பிரித்தாயிற்று. அந்த வீராங்கனைகளில் எத்தனை பேரை ஜமாஅத் நிர்வாகத்தில் உட்கார வைத்தீர்கள் என்று கேட்கிறேன்.

ஜமாஅத் என்பது என்னவென்று எல்லா வாசகர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களின் சபை அது. கல்யாணத்தைப் பதிவேட்டில் எழுதுவதும் அதுதான். அந்தக் கல்யாணம் முறியும்போது வழக்குக் கேட்பதும் அதுதான். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் அதன் நிர்வாகத்தில் பெண் கிடையாது. புருஷன் நேரே வந்து தன் கட்சியைச் சொல்லுவான். பெண்டாட்டிக்காக அவள் தகப்பனோ அண்ணனோ வந்து பேசுவார்கள். பட்டவள் வீட்டில் இருப்பாள்! போலீஸ் தடிக்கு முன்னால் நிற்கத் தெரிந்தவளுக்குத் தன் வழக்கைத் தானே சொல்லத் தெரியாதா?

மார்க்கம் தடுக்கிறது என்பார்கள். நபிகளின் காலத்தில் மதீனாப் பள்ளியில் பெண்கள் தொழுதார்கள். ஆயிஷா நாயகியிடம் ஆண்கள் பாடம் கேட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2020 ஜனவரியில், அதாவது வண்ணாரப்பேட்டைக்கு இரண்டு வாரம் முன்பு, அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியமே சுப்ரீம் கோர்ட்டில், பெண்கள் பள்ளிவாசலுக்குள் சென்று தொழ அனுமதி உண்டு என்று எழுதிக் கொடுத்தது. கோர்ட்டில் சொன்னதைத் தெருவிலும் சொல்லலாமே!

இந்தக் கதை வண்ணாரப்பேட்டைக்கு மாத்திரம் உரியதல்ல. எகிப்தில் 1919 மார்ச்சில், முகத்திரை அணிந்த பெண்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கெய்ரோ வீதிகளில் ஊர்வலம் போனார்கள். சுயராஜ்யம் என்று ஏதோ ஒன்று வந்தது. வோட்டு ஆண்களுக்கு மட்டும்! 1923-ல் ஹுதா ஷஅராவி ரயில் நிலையத்தில் முகத்திரையை நீக்கியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ, அடுத்த ஆண்டு பார்லிமெண்டு திறப்பு விழாவுக்குப் பெண்களை விடாதபோது, அவரும் தோழிகளும் வாசலில் கோரிக்கை அட்டைகளோடு நின்றதே பெரிதாகப் படுகிறது. திரை அவர்கள் கையில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். கதவு பிறர் கையில் இருந்தது. வோட்டு வர 1956 ஆயிற்று.

அல்ஜீரியாவில் இன்னும் மோசம். பிரெஞ்சுக்காரர்களிடம் மரண தண்டனை பெற்ற ஜமீலா பூஹிரத் போன்றவர்கள் போராடி விடுதலை வாங்கிய தேசம் அது. 1984-ல் அங்கே வந்த குடும்பச் சட்டம், வயது வந்த பெண்ணின் கல்யாணத்துக்கும் ஆண் காப்பாளன் வேண்டும் என்றது. வெடிகுண்டைச் சுமந்து போகக் காப்பாளன் வேண்டியிருக்கவில்லை!

‘அவர்கள் வீட்டு விஷயம், நீ யார் பேச?’ என்பவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலரோ, கறுப்புப் பர்தாவைக் கண்டதும் ஐயோ பாவம் என்று உருகுகிறார்கள். நமது கதைகளில் வரும் முஸ்லிம் பெண் முக்கால்வாசி இந்த உருகலுக்குப் பிறந்தவள்தான். பந்தலில் உட்கார்ந்தவர்கள் பர்தாவோடுதான் உட்கார்ந்தார்கள். யாருடைய அனுதாபத்துக்கும் காத்திருக்கவில்லை. நம் குலதெய்வக் கோவில் நிர்வாகத்தில் எத்தனை மாமிகள் இருக்கிறார்கள் என்று உருகுகிறவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் அந்த வெட்கக்கேடு இந்த நியாயத்துக்கு விலக்கு ஆகாது.

மேலும், நான் சொல்லுவது புதிதுமல்ல. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-லேயே நாவல் எழுதி, உ. வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்டவர். துவரங்குறிச்சி சல்மா பேரூராட்சித் தலைவியாக இருந்தார். 2025-ல் ராஜ்ய சபைக்கே போனார். பதர் சயீத் தமிழ்நாடு வக்ஃப் வாரியத்துக்கே தலைவியாக இருந்தவர். மாகாணத்துப் பள்ளிவாசல் சொத்துக்களை எல்லாம் மேற்பார்க்க ஒரு பெண் போதும். ஒரு தெருப் பள்ளிவாசலின் கூட்டத்தில் உட்கார மட்டும் போதாது!

புதுக்கோட்டை ஷரீஃபா கானம் இதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெண்களைக் கூட்டிப் பெண்கள் ஜமாஅத் என்று ஒன்றை நடத்தினார். தலாக் சொல்லப்பட்டவளும், சீதனம் பறிபோனவளும் அங்கே வந்து தங்கள் வாயால் பேசினார்கள். பெண்களுக்கென்று பள்ளிவாசல் கட்டுவோம் என்று அவர் சொன்னபோது மிரட்டல்கள் வந்தன. தடியடி பட்ட தாய்மார்களுக்காகப் பின்னால் மேடைகளில் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் அன்று அவருக்காக ஒரு வார்த்தை பேசினார்கள்?