பின்னால் எடுத்த வண்டி - பழி யாருக்கு?

கார் பின்னால் வருகிறது. ஓரமாய் நின்ற சைக்கிள்காரர் கீழே விழுகிறார். உடனே காருக்குள்ளிருந்து குரல் கிளம்புகிறது: “கண் தெரியவில்லையா? வண்டி வருவது தெரியவில்லையா?” இடித்தவர் அதட்டுகிறார், இடிபட்டவர் கைகூப்புகிறார். நாள்தோறும் நாம் காணும் கூத்து இது!

தோழர்களே, கேட்கிறோம்: பார்க்க வேண்டியவர் யார்? வண்டியைப் பின்னால் எடுப்பவருக்குப் பாதிப் பாதை மறைவு. அது தெரிந்தே எடுக்கிறார். ஆகவே, முதற்பொறுப்பு அவருடையது. இது நாமாகச் சொல்லும் தீர்ப்பல்ல. யாருக்கும் ஆபத்தும் இடையூறும் நேராது என்று உறுதி செய்துகொண்ட பிறகே பின்னால் எடுக்க வேண்டும் என்பதுதான் 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை. ‘பீப் பீப்’ என்று ஒலி எழுப்பிவிட்டால் பாதை அவருக்குப் பட்டாவாகிவிடாது!

அதற்காக, பின்னால் எடுத்தவர்மீதே எப்போதும் முழுப் பழியும் என்று நாம் வாதாடவில்லை. பாதி எடுத்து நிற்கும் வண்டியின்மீது தறிகெட்ட வேகத்தில் வந்து மோதுபவரும் உண்டு. இருபுறமிருந்தும் ஒரே நேரத்தில் பின்னால் எடுத்து முட்டிக்கொள்பவர்களும் உண்டு. அங்கே பழி பங்கிடப்படும். அந்த அளவுக்கு நஷ்ட ஈடும் குறையும். ஆனால், அந்தப் பங்கை நிறுத்துப் பார்க்க வேண்டியது நீதிமன்றம். தெருவில் உரக்கக் கத்துபவர் அல்ல.

கார் கதை இது. லாரி கதையோ இன்னும் கொடியது. சந்தையில், கிடங்கில், மூட்டை சுமக்கும் தோழரின் முதுகுக்குப் பின்னே லாரி வருகிறது. இறங்கிப் பார்த்து ‘வா, வா, நிறுத்து’ என்று சொல்லக் கிளீனர் இல்லை. கிளீனர் கூலியை மிச்சம் பிடித்தவர் முதலாளி. வழக்கில் நிற்பவர் டிரைவர். கால் ஒடிந்து கிடப்பவர் சுமைத் தொழிலாளி! லாபம் ஓரிடம், பழி வேறிடமா? வேலையின்போது தம் டிரைவர் செய்த தவறுக்கு நஷ்ட ஈடு தரும் பொறுப்பு முதலாளிக்கும் உண்டு. மூன்றாம் நபருக்கான இன்ஷ்யூரன்ஸ் கட்டாயம் என்பதும் சட்டம். பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள இடமெல்லாம் சட்டத்தின் கண்ணில் பொது இடமே. ‘சாலையில் நடக்கவில்லையே’ என்ற சாக்கு அங்கே செல்லாது.

ஆகவே, ஆஸ்பத்திரி வாசலில் நாலு நோட்டை நீட்டி, வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்! வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நின்ற நிலையைச் செல்போனில் படமெடுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தை நாட 6 மாதக் கெடு விதித்திருக்கிறது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். தாமதம் வேண்டாம்.

யார் குற்றம் என்று மெய்ப்பிக்காமலே பெறும் வழியும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். அதைப் பெற்றுக்கொண்டால் தீர்ப்பாய வழக்கு அற்றுப்போகும். ஆகையால் எது நலம் என்று வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: சைகை காட்ட ஆள் இல்லாமல் எந்த லாரியும் கிடங்குக்குள் பின்னால் வரக்கூடாது என்று கோருங்கள். ஒருவர் கூலி பெரிதா, ஒருவர் உயிர் பெரிதா? முதலாளிமார் பதில் சொல்லட்டும்!